ரத்தினத்தின் செல்களுக்கு வழி தெரியுமா?

கர்த்தருக்குள் பிரியமான மச்சினன் சத்தியநேசனுக்கு, அத்தான் ஞானசிங் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுவது. அவருடைய கிருபையால் இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் நினைத்தேன், கை வரவில்லை. குவைத்தில் நீயும் ரெஜிலாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். போன் இருக்கும்போது ஏன் தாளில் எழுதி, அதைப் படம் பிடித்து அனுப்புகிறார் என்று நினைப்பாய். போனில் என் குரலைக் கேட்டதும் நீ அழுகிறாய், நீ அழுவதைக் கேட்டு எனக்கு வாய் கோணிக்கொண்டு போகிறது, கடைசியில் இரண்டு பேரும் ஒன்றும் பேசாமலே வைத்துவிடுகிறோம். தாளுக்குக் குரல் கிடையாது.

முதல் விஷயம், நீ லீவு போட்டு வர வேண்டாம். இங்கே எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. மழையிலும் இடியிலும் கறண்டுக் கம்பத்தில் ஏறி வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன், ஒக்கிப் புயலுக்குப் பிறகு ரப்பர் மரங்களுக்கு அடியில் கிடந்த லைனையெல்லாம் இழுத்துக் கட்டினவன். நடந்தது இன்னதென்று உனக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் எழுதுகிறேன்.

உன் அக்காளுக்கு வந்திருப்பது மைலோமா என்று உனக்குத் தெரியும். முதுகு வலி என்று நாங்கள் தைலம் தைலமாகத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அது எலும்பு மஜ்ஜைக்குள் உட்கார்ந்து ரத்தத்தைக் கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. நீ உன் மஜ்ஜையைத் தருகிறேன் என்று அழுததை நான் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர், "இந்த நோய்க்குத் தம்பி வேண்டாம் சார். அவங்க ஸ்டெம் செல்லையே எடுத்து வெச்சுட்டு, ரொம்பக் கடுமையான மருந்து குடுத்து மஜ்ஜையைக் காலி பண்ணிட்டு, அந்தச் செல்லையே திருப்பி ஏத்துவோம்" என்றார். உன் அக்காள் படுத்தபடியே, "நல்லதாப் போச்சு. அவனுக்க எலும்பைத் தட்டினா குவைத்து மந்தி பிரியாணிதான் விழும்" என்றாள். டாக்டரம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலி பண்ணுவது என்ற சொல்லிலேயே என் காது நின்றுவிட்டது. காலி பண்ணின பிறகு ஏற்றுவது பிடிக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "பெரும்பாலும் பிடிச்சிரும்" என்றார். பெரும்பாலும் என்ற சொல் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். லைனில் கறண்டு இருக்கிறதா என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்று சொன்ன ஒருவனோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். நோய் அடியோடு போய்விடுமா என்றும் கேட்டேன். போகும் என்று சொல்ல மாட்டேன், வருஷக்கணக்காக அடங்கிக் கிடக்கும், சர்க்கரை வியாதிக்காரர்கள் போல மருந்தும் சோதனையுமாக அதோடு வாழ்ந்துகொள்ளலாம் என்றார். அப்போதுதான் நீ அனுப்பியிருந்த வீடியோக்களைக் காட்டினேன், ஸ்டெம் செல் போட்டால் முட்டு வலியும் வழுக்கையும் ஆஸ்துமாவும் ஒரே நாளில் மாறும் என்று ஒருவர் கோட்டு போட்டுக்கொண்டு சொல்வாரே, அதை. அவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "இதை அழிச்சிருங்க, அனுப்பினவங்களையும் அழிக்கச் சொல்லுங்க" என்றார். அழித்துவிடு.

செல் எடுப்பதற்கு முன்னால் சில நாள் ஊசி போட்டார்கள். மஜ்ஜைக்குள் இருக்கிற செல்களை ரத்தத்துக்கு இறங்கி வரச் செய்கிற ஊசியாம். அவளுக்கு எலும்பு ஒவ்வொன்றும் வலித்தது. பிறகு கழுத்தில் குழாய் வைத்து ஒரு மெஷினோடு இணைத்தார்கள். இந்தப் பக்கம் ரத்தம் போகிறது, மெஷின் சுற்றுகிறது, அந்தப் பக்கம் ரத்தம் திரும்பி வருகிறது. மெஷின் பீப் என்று கத்தும்போதெல்லாம் நான் எழுந்து நின்றேன். கடைசியில் நர்ஸ் அஜிஷா, "அய்யா, நீங்க இப்பிடி எழும்பி எழும்பி இருந்தா மெஷினு உங்களைப் பாத்துப் பயப்படும்" என்று சொல்லி என்னைச் சாயா குடிக்க அனுப்பினாள். நல்ல பிள்ளை, தூத்தூர் பக்கம். திரும்பி வந்தபோது ஒரு சின்னப் பையில் தக்காளிச் சாறு போல ஏதோ இருந்தது. உன் அக்காளுடைய இனி வரப்போகிற ரத்தம் முழுவதும் அதற்குள் இருக்கிறது என்றார்கள். அதை உறைய வைக்கக் கொண்டுபோனார்கள்.

உறைய வைப்பது என்று சொன்னதும் எனக்குக் கறண்டுதான் நினைவுக்கு வந்தது, சத்தியநேசா. நம் ஜில்லாவில் ஒரு தென்னை ஓலை விழுந்தால் எத்தனை ஊர் இருட்டாகும் என்று எனக்குத்தான் தெரியும். வெளியே சாரல் வேறு. நான் நேரே ஜெனரேட்டரைப் போய்ப் பார்த்தேன், டீசல் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன், பிறகு செல் வைக்கிற அறையைத் தேடிப்பிடித்துக் கதவைத் தட்டினேன். லிஜின் என்ற ஆள் வந்தான்.

"சாரே, இது கறண்டுல ஓடல்ல. உள்ள இருக்கது திரவ நைட்ரஜன். குமரி ஜில்லாவே இருட்டானாலும் இதுக்கு ஒண்ணும் ஆவாது."

"நைட்ரஜன் தீந்து போச்சுன்னா?"

"ஊத்துவோம்."

"ஊத்துத ஆளு வரல்லைன்னா?"

"நான்தான் ஊத்துவேன், நான் வருவேன்."

"உனக்குக் காய்ச்சல் வந்தா?"

அவன் செக்யூரிட்டியைக் கூப்பிட்டான். மரியாதையாகத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். கறண்டு சம்பந்தப்பட்ட பயம் என்றால் ஏணியை எடுத்துக்கொண்டு நானே போய்விடுவேன். கறண்டே வேண்டாத ஒன்றைப் பற்றிப் பயப்பட நேர்ந்தது இதுதான் முதல் தடவை, என்ன செய்வதென்று தெரியவில்லை.

அதோடு தீர்ந்ததா என்றால் இல்லை. பக்கத்து அறைக்குக் குளச்சலிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். லாரி மெக்கானிக், பெரிய மீசை, அதே நோய், அதே சிகிச்சை. பெயரும் உன் அக்காளுடைய பெயரேதான், ரத்தினம். கதவில் எழுதியிருந்ததைப் பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. இந்த ரத்தினத்தின் பையை அந்த ரத்தினத்துக்கும், அந்த ரத்தினத்தின் பையை இந்த ரத்தினத்துக்கும் ஏற்றிவிட்டால் யார் பொறுப்பு? அஜிஷாவிடம் ரகசியமாகக் கேட்டேன். "பேரை மட்டும் பாத்தா ஏத்துவோம்? நம்பரு, பொறந்த தேதி எல்லாம் ரெண்டு பேரு வாசிச்சுப் பாத்துட்டாக்கும் கையில எடுப்போம்" என்றாள். நான் திரும்பத் திரும்பக் கேட்டதில் உன் அக்காளுக்கு விஷயம் தெரிந்துபோயிற்று. "அந்தாளுக்குத் தைரியம் கூடுதல் உண்டுன்னா ஒரு குப்பி வாங்கி ஒங்களுக்கு ஏத்தச் சொல்லுங்க" என்றாள்.

கடுமையான மருந்து கொடுத்த அன்று வாயில் ஐஸ் துண்டு போட்டுக்கொண்டே இருக்கச் சொன்னார்கள், வாய் புண்ணாகாமல் இருக்க. பானைத் தண்ணீர் குடித்தாலே தொண்டை கட்டுகிற பெண், நடுங்கிக்கொண்டு ஐஸைக் கடித்தாள். பிறகு செல் ஏற்றுகிற நாள் வந்தது. எனக்கும் அங்கி, தொப்பி, மாஸ்க் எல்லாம் போட்டு ஒரு மூலையில் நிற்க வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் பூண்டு வாசம். ஆஸ்பத்திரியில், அதுவும் இந்த அறைக்குப் பக்கத்தில், யார் பூண்டு வதக்குவது என்று நான் சத்தம் போட்டுவிட்டேன். அஜிஷா என் கையைப் பிடித்து, "அது அம்மாவுக்க மூச்சுல வாற வாசமாக்கும். உறைய வைக்கும்போ செல்லு கெடாம இருக்கப் போடுத மருந்து" என்றாள். சாயா ஆறுவதற்குள் பை காலியாகிவிட்டது. அவ்வளவுதானா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவ்வளவுதானாம். கழுத்துக் குழாய் வழியாகப் போனது மஜ்ஜைக்கு எப்படிப் போகும், யார் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள் என்றேன். "அதுங்களே வழி கண்டுபிடிச்சுப் போயிடும் சார்" என்றார். நான் தூங்காமல் கிடந்தேன். கண்ணும் காதும் உள்ள மனிதனே மார்த்தாண்டத்தில் இறங்க வேண்டியவன் மேம்பாலத்தில் ஏறிவிட்டு அந்தப் பக்கம் போய் முழிக்கிறான். கண்ணில்லாத ஒரு பொட்டுச் செல்லுக்கு எலும்பின் வாசல் எப்படித் தெரியும்? பாதிச் செல் ஈரலிலேயே நின்றுவிட்டால்?

அதற்குப் பிறகு என்னை உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பேன், போனில் பேசுவாள். வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை, அதைத்தான் இங்கே கவுண்ட் என்கிறார்கள், குறைந்து குறைந்து ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்றார்கள். கிருமி தொற்ற ஒரு தும்மல் போதும் என்றார்கள். சபைச் செயலாளர் ஜெபமணி அண்ணன் ஐந்தாறு பேரோடு ஆரஞ்சும் பூவுமாக ஜெபிக்க வந்தார். வராந்தாவில் நின்று கண்ணை மூடினார், தும்மினார். நான் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் லிஃப்டில் தள்ளிவிட்டேன். ஆமென் கீழ்த்தளத்தில்தான் சொல்லியிருப்பார்கள். இப்போது அவர் என்னோடு பேசுவதில்லை. ஊரில் எனக்குத் தலைக்குச் சுகமில்லை என்று பேச்சாம்.

தலைமுடி கொட்டியது. அதற்கு அவள் அழவில்லை. எண்ணெய்ச் செலவு மிச்சம் என்றாள். பிறகு வாய் புண்ணாகித் தண்ணீர்கூட இறங்கவில்லை, காய்ச்சல் வந்தது. முந்தாநாள் கண்ணாடிக்கு முன்னால் சட்டையைப் பொத்தான் மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றேன். அவள் பார்த்தாள். கையைக் கொஞ்சம் தூக்கினாள், கீழே வைத்துவிட்டாள். கல்யாணமான நாள் முதல் அப்படி ஒரு தப்பைப் பார்த்துவிட்டு அவள் என்னைத் திட்டாமல் விட்டதே இல்லை. நான் படிக்கட்டுக்குப் போய் உட்கார்ந்து கர்த்தருடைய ஜெபத்தைச் சொன்னேன். அப்பம் கேட்கிற இடத்தில் நின்றுபோயிற்று. அப்பம் வேண்டாம், கவுண்ட் தாரும் என்றேன். இன்றும் காய்ச்சல் இருக்கிறது. காலையில் எடுத்த ரத்தத்தின் ரிசல்ட்டுக்குத்தான் காத்திருக்கிறேன். அதுவரை சும்மா இருந்தால் மறுபடியும் ஜெனரேட்டரைப் பார்க்கப் போய்விடுவேன், அதனால் எழுதுகிறேன். பயத்தினால் அல்ல.

ஆகவே நீ வர வேண்டாம். உன் வேலையைப் பார். உனக்கும் ரெஜிலாவுக்கும் பிள்ளைகளுக்கும் கர்த்தர் நீண்ட ஆயுளும் நல்ல மஜ்ஜையும் தந்து காப்பாராக. வெயிலில் அலையாதே. முதுகு வலித்தால் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதே, ரத்தம் பார்.

இப்படிக்கு,
உன் அத்தான்
ஞானசிங்

பி.கு.: இதைப் படம் பிடிக்கப் போகும்போது அஜிஷா ஓடி வந்தாள். "அய்யா, கவுண்ட் ஏறுது. நேத்தும் கொஞ்சம் ஏறியிருக்கு, இண்ணு நல்லாவே ஏறியிருக்கு. செல்லு பிடிச்சிட்டுது" என்றாள். நல்லது மக்கா என்று சொன்னது நினைவிருக்கிறது. பிறகு நான் கண் விழித்தது கீழே அவசரப் பிரிவுக் கட்டிலில். விழும்போது நாற்காலியில் இடித்து நெற்றியில் தையல் போட்டிருக்கிறார்கள். இதயத்தையும் சோதித்தார்கள், ஒன்றும் இல்லையாம். உன் அக்காள் மேலேயிருந்து போன் பண்ணினாள். வாய்ப் புண்ணோடு, பாதி வார்த்தை புரியவில்லை. "ஒரு நல்ல சேதி கேக்கவும் உங்களுக்குத் தெம்பில்லையா? எழும்பி வந்து கண்ணாடிக்கிட்ட நில்லுங்க, சட்டையை நேராப் போட்டுக்கிட்டு" என்றது மட்டும் தெளிவாகக் கேட்டது. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. கிடைக்கிற விமானத்தில் ஏறி வா. ரத்தினத்துக்காக அல்ல, அவளுக்கு அவளுடைய செல்கள் இருக்கின்றன. எனக்குத்தான் ஆள் வேண்டும்.