கரையான் வகுத்த எல்லை

ஒரு காட்டில், அது இரண்டு காடாவதற்கு முதல் நாள்வரை, அங்கம்மாள் என்ற முள்ளம்பன்றி நிம்மதியாக வாழ்ந்து வந்தாள். அவள் வளைக்குக் கிழக்கே ஒரு வாய், மேற்கே ஒரு வாய். கிழக்குப் பக்கம், பிறந்து ஐந்து நாளே ஆன குட்டி தூங்கும். மேற்கு வாய் வழியே போனால் கிழங்கு கிடைக்கும்.

சிங்கத்துக்கும் புலிக்கும் ஒத்துவரவில்லை. காட்டைப் பிரித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. எல்லை வகுக்க நரி தலைமையில் ஒரு குழு போட்டார்கள். குழு ஏழு மாதம் விருந்து சாப்பிட்டுவிட்டுக் கடைசி நாளில்தான் வரைபடப் பெட்டியைத் திறந்தது. வடக்கிலிருந்து தெற்குவரை வரைபடத்தைக் கோணல்மாணலாகக் கரையான் அரித்திருந்தது.

நரி கொஞ்சமும் அசரவில்லை. மலையும் ஆறும் இயற்கை எல்லை என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தருகிறார்களே, கரையான் மட்டும் என்ன செயற்கையா என்று கேட்டது. குழு கைதட்டியது. இடத்தைப் போய்ப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தக் கோடு அங்கம்மாளின் வளைக்கு நடுவே போயிற்று. மறுநாள் காலை கிழங்கு தின்றுவிட்டுத் திரும்பினால், வளைக்குள் ஒரு கீரி மேசை போட்டு உட்கார்ந்திருந்தது. குட்டி கீழ்க்காட்டுக் குடிமகனாம், அவள் மேல்காட்டுக்காரியாம். தாண்டிப் போக அனுமதிச் சீட்டு வேண்டுமாம். படிவத்தில் பயணத்தின் நோக்கம் கேட்ட இடத்தில் 'பால் கொடுக்க' என்று எழுதினாள். பால் ஏற்றுமதிக்கு வேறு படிவம் என்று கீரி திருப்பிக் கொடுத்துவிட்டது.

அந்தப் பக்கம் குட்டி அழுதுகொண்டே இருந்தது. மதியத்துக்குள் அதன் குரல் கம்மிவிட்டது. அங்கம்மாள் நரியிடம் ஓடினாள். இயற்கையை மாற்ற நமக்கு ஏது அதிகாரம் என்று அது கையை விரித்தது.

நரியே இயற்கை என்று சொன்ன பிறகு, இயற்கையிடமே கேட்டுவிடலாம் என்று அவள் கரையான் புற்றுக்குப் போய் அழுதாள்.

"எங்களுக்கு எல்லையும் தெரியாது, ஒண்ணும் தெரியாது தாயி. பசிச்சுது, தின்னோம்," என்றது கிழக் கரையான். "உன் வளை எங்க இருக்குன்னு சொல்லு. சுத்தித் தின்னுட்டு வர்றோம்."

சொன்னபடியே செய்தன. சாயங்காலம் நரி வரைபடத்தை விரித்தபோது, அங்கம்மாளின் வளை இருந்த துண்டு மட்டும் வட்டமாகக் கழன்று விழுந்தது. இயற்கை ஒரு புது நாட்டைப் பெற்றிருக்கிறது என்று அறிவிப்பதைத் தவிர நரிக்கு வேறு வழியில்லை. துண்டை முறைப்படி அங்கம்மாளிடம் ஒப்படைத்தார்கள். கீரி மேசையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அவள் பாய்ந்து போய்க் குட்டியை அணைத்துப் பால் கொடுத்தாள். நாட்டின் மக்கள்தொகை இரண்டு.

நிலம் போன ஆத்திரத்தில் சிங்கமும் புலியும் முதன்முறையாக ஒன்றுசேர்ந்து கரடியை ஏவிவிட்டன. கரடி புற்றை இடித்து நக்கித் தீர்த்தது. மிஞ்சிய நாற்பது ஐம்பது கரையான்கள் கொட்டும் மழையில் ஊர்ந்து வந்து அங்கம்மாளின் வாசலில் நின்றன.

"மழை விடுறவரைக்கும் உள்ள ஒண்டிக்கிறோம் தாயி," என்றது கிழக் கரையான்.

அங்கம்மாளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. சுவரில் மாட்டியிருந்த வரைபடத் துண்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். உள்ளங்கை அகலம்கூட இல்லை.

"எனக்குன்னு இருக்கிறது இந்த ஒரு நாடுதான்," என்றாள். "உங்களுக்குப் பசிச்சாத் தின்னுருவீங்க."

முள்ளைச் சிலிர்த்து வாசலை அடைத்துக்கொண்டாள்.

நீதி: நாடு கிடைக்கும்வரை எல்லையைத் தின்பவர்களோடு ஒட்டி உறவாடு, கிடைத்ததும் கதவைச் சாத்து. இதற்குப் பெயர் நன்றிகெட்டதனம் அல்ல, இறையாண்மை.