ஒரு பிளேட் வெயில் அறுபது ரூபாய்

உலகத்தில் எவனும் விலை போடத் துணியாத சூரிய வெளிச்சத்துக்கு, ஆளுக்கு ஒரு வேளைக்கு அறுபது ரூபாய் என்று முதன்முதலாக விலை நிர்ணயித்த பெருமை உத்திரமேரூர் வட்டாரத்தையே சேரும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் குடத்தில் ஓலை போட்டு ஆள் தேர்ந்தெடுத்து, அந்த விதிகளைக் கோயில் சுவரில் வெட்டி வைத்தவர்கள் எங்கள் முன்னோர். எங்கள் 'ஆற்றல் ஒழுக்குத் தடுப்புக் குழு'வுக்குக் குடமும் தேவைப்படவில்லை, ஓலையும் தேவைப்படவில்லை. தாமோதரன் முன்மொழிந்தார். தாமோதரன் வழிமொழிந்தார். தாமோதரன் தலைவரானார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த குற்றத்துக்கு நான் செயலாளர்.

தாமோதரன் ஏரிப் பாசனத்தில் பதினாறு ஏக்கர் வைத்திருப்பவர். வாலாஜாபாத் கல்யாண மண்டபம் ஒன்றில் நடந்த 'நவீன வேளாண் கருத்தரங்கு'க்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மதியச் சாப்பாடு இலவசம் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. அங்கே ஞானதாஸ் என்ற ஆலோசகர் திரையில் படம் காட்டினார். சூரியன், புல், ஆடு, மனிதன். பச்சை இலை மட்டும்தான் வெயிலையும் தண்ணீரையும் காற்றையும் வைத்துத் தன் சோற்றைத் தானே ஆக்கிக்கொள்ளும். அது உற்பத்தியாளர். மற்ற சகலரும் அதைத் தின்றோ, அதைத் தின்றதைத் தின்றோ பிழைக்கிற நுகர்வோர். ஒவ்வொரு கை மாறும்போதும் பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் அடுத்த கைக்குப் போகும். மீதி, மூச்சு விடவும் நடமாடவும் செலவாகி வெப்பமாகப் போய்விடும்.

மண்டபம் கொட்டாவி விட்டது. தாமோதரன் மட்டும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"பத்துக்கு ஒம்போதா?" என்று என் தொடையைக் கிள்ளினார். "நம்ம நெல்லு புரோக்கரே நூத்துக்கு ரெண்டுதான்யா எடுக்கறான். நடுவுல பூந்து இந்த ஆடு இன்னா கமிஷன் அடிக்குது பார்த்தியா!"

அந்தப் புரோக்கர் என் அண்ணன் என்பதால் நான் தொடையை மட்டும் தடவிக்கொண்டேன்.

திரும்பி வரும் வழியிலேயே குழு உருவாகி, ஆற்றல் ஒழுகும் முதல் ஓட்டையையும் தலைவர் கண்டுபிடித்துவிட்டார். சொர்ணவாரிப் பட்டத்து நெல் நடவுக்கு இருபத்திரண்டு பெண்கள் வருகிறார்கள். கூலியோடு மதியச் சோறும் நிலக்காரர் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

"வெயிலு நெல்லாவுது, நெல்லு அரிசியாவுது, அரிசி சோறாவுது, அப்பறம்தான் அவுங்க வயித்துக்குப் போவுது. எத்தினி கை! காலையிலேர்ந்து அவுங்க நிக்கிறதே வெயில்லதான். நேரா எடுத்துக்கினா இன்னா?"

"மனுஷன் தோல் பச்சையா இல்லையே" என்றேன்.

"பழகினா வரும்."

ஞானதாஸிடம் தொழில்நுட்பக் கருத்து கேட்டோம். முடியவே முடியாது என்றார். ஆலோசனைக் கட்டணத்தைச் சொன்னதும் 'ஆய்வுக்குரியது' என்றார். அழைத்துவர கார் அனுப்புகிறோம் என்றதும் 'மறுப்பதற்கில்லை' என்றார். விஞ்ஞானம் இப்படித்தான் படிப்படியாக முன்னேறுகிறது. ஒரு சாப்பாடு அறுபது ரூபாய். அதற்குப் பதில் வெயில் வழங்கப்படுவதால் வெயிலின் விலையும் அறுபது. தீர்மானம் நிறைவேறியது.

திறப்பு விழா நாளன்று வரப்பில் 'நேரடி சூரிய ஆகாரத் திட்டம்' என்று பேனர் கட்டினோம். உச்சி வெயிலில் பெண்கள் கரையேறி, வாய்க்காலில் கை கழுவிக்கொண்டு வந்து நின்றார்கள். கூட்டத்துக்குத் தலைவி மார்த்தாள்.

"இன்னா மொதலாளி, சோத்து குண்டான் எங்க கீது?"

"மேல பாரும்மா."

மார்த்தாள் அண்ணாந்து பார்த்தாள். "காக்காதான் கீது."

"அதுக்கும் மேல. வெயிலு! இன்னிலேர்ந்து நேரடி சப்ளை."

"அப்போ மோட்டார் ரூமுல பிரியாணி வாசன வருதே?"

இந்த இடத்தில் செயலாளர் என்ற முறையில் நான் விளக்கம் அளித்தேன். குழுவினர் நிழலில் பணியாற்றுபவர்கள். அவர்களுக்கு நேரடி வெயில் கிடைப்பதில்லை. ஆகவே அரிசி, ஆடு என்று சுற்றுவழியில், கைக்குக் கை பெரும் நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு, ஆற்றல் பெறும் தியாகத்தை ஏற்றிருக்கிறார்கள்.

"அய்யோ பாவம்" என்றாள் மார்த்தாள்.

அவள் மருமகள் ஏஞ்சல், காரில் வந்து இறங்கியிருந்த ஞானதாஸ் பக்கம் திரும்பினாள். "சார், வெயில துன்னா நாங்கதான் உற்பத்தியாளருங்களா?"

"ஆமாம்மா. நீங்க பெருமைப்படணும்."

"உற்பத்தியாளரு எங்கனா நடந்து பார்த்துகீறீங்களா?"

"நடக்காதும்மா. வேர் விட்ட இடத்துலயே நிக்கும்."

"குனியுமா?"

ஞானதாஸ் கட்டணம் தருபவரைப் பார்த்தார். "காத்தடிச்சா கொஞ்சம்..."

"அப்போ குனியறது, அலையறது, ஓடறதெல்லாம் யாரு வேல சார்?"

"அது... நுகர்வோர்."

"அத்தே, கேட்டுக்கினியா?"

கேட்டுக்கொண்டார்கள். இருபத்திரண்டு பேரும் சேற்றில் இறங்கினார்கள். முழங்கால் வரை ஊன்றி, இரண்டு கையையும் இலை மாதிரி விரித்து, வரிசையாக நின்றார்கள். அவ்வளவுதான். அசையவில்லை.

"எனக்குத் தண்ணி பத்தல மொதலாளி!" என்றது ஓர் உற்பத்தியாளர்.

"யூரியா போடுங்க, வெளுத்துப் பூட்டேன்!" என்றது இன்னொன்று.

தாமோதரன் கெஞ்சிக்கொண்டே கிட்டே போனார். "தள்ளி நில்லுங்க, பூ எடுக்கற நேரம்" என்றாள் மார்த்தாள்.

விளையாட்டு என்று பிரியாணியைப் பிரித்துத் தின்றபடி சிரித்துக்கொண்டிருந்தோம். நாற்றங்கால் பார்க்கிற ஐசக் ஓடிவந்தபோதுதான் சிரிப்பு நின்றது. "மொதலாளி, காலையில பறிச்ச நாத்து வரப்புல வாடிக்கினு கீது. பொழுது சாயறதுக்குள்ள சேத்துல எறக்கலன்னா மாட்டுக்குத்தான். நாத்தங்கால்ல வேற நாத்து இல்ல."

வேறு ஆள் கேட்டு ஐயங்கார்குளத்துக்குப் போன் போட்டோம். கூரத்துக்குப் போட்டோம். நடவு ஆட்கள் எல்லோரும் சோறு போடுகிற இடத்துக்குப் போயிருந்தார்கள்.

"பேஜாராப் பூட்ச்சே" என்று வேட்டியை மடித்துக் கட்டினார் தலைவர். "செக்ரட்டரி, எறங்கு. சாரு, நீங்களும் எறங்குங்க."

இறங்கினோம். தலைவர் நட்ட வரிசை ஏரிக்கரை மாதிரி வளைந்து போனது. நான் நட்ட நாற்று, நான் முதுகைத் திருப்பியதும் மிதந்து வந்து என் காலையே தொட்டது. ஞானதாஸ் ஒரு நாற்று முடியை வேர் மேலே இருக்கும்படி ஊன்றினார். வேருக்கும் வெயில் பட வேண்டுமென்ற புதிய ஆய்வாக இருக்கலாம். வரப்பு மர நிழல் ஒரு முழம் நீள்வதற்குள் தின்ற பிரியாணி எல்லாம் வேர்வையாக ஒழுகிவிட்டது. தலைவர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கண்ண இருட்டிக்கினு வருது. எதுனா துன்றதுக்கு எட்த்தாங்கய்யா!"

மார்த்தாள் விரித்த கையை இறக்காமலே சொன்னாள். "வெயிலு நெறைய கீது மொதலாளி. வெக்கப்படாம துன்னுங்க."

வயல் முழுக்கச் சிரித்தது. தாமோதரன் சிரிக்கவில்லை. நாற்றைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு ஐசக்கைப் பார்த்து, "ஓடு, பஸ் ஸ்டாண்டு ஓட்டல்ல இருவத்திரெண்டு சாப்பாடு" என்றார்.

"முட்டையோட" என்றது ஓர் உற்பத்தியாளர்.

"...முட்டையோட."

"தெனிக்கும்" என்றாள் மார்த்தாள்.

"தெனிக்கும்மா! தெனிக்கும்!"

உற்பத்தியாளர்கள் அந்தக் கணமே பதவியை ராஜினாமா செய்துவிட்டு வரப்பேறினார்கள். தின்றார்கள். கை கழுவினார்கள். நாங்கள் நட்டதை முதலில் பிடுங்கிப் போட்டார்கள். பொழுது சாய்வதற்குள் அன்றைக்கு நட வேண்டிய இரண்டு ஏக்கரும் பச்சைக் கோடு போட்ட மாதிரி முடிந்துவிட்டது.

குழுவின் நிறைவறிக்கையை மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்து எழுதினேன். சூரியன்: வாங்கியது ஒன்றுமில்லை; கொடுத்ததற்கு அளவில்லை. நாற்று: வாங்கியது வெயில்; கொடுக்கப்போவது நெல். மார்த்தாள் கூட்டம்: வாங்கியது இருபத்திரண்டு சாப்பாடு, கொடுத்தது இரண்டு ஏக்கர் நடவு. பிரியாணியில் இருந்த ஆடு: வாங்கியது புல்; கொடுத்தது தன்னையே. வரப்புக் காளானும் மண்புழுவும்: வாங்கியது செத்த சருகு, கொடுத்தது உரம். குழு: வாங்கியது மூன்று பேருக்கு ஆறு பொட்டலம் பிரியாணி. கொடுத்தது...

அதற்கு மேல் எழுத ஓடவில்லை. "தலைவரே, நாம இன்னா கொடுத்தோம்?"

தாமோதரன் காலில் காய்ந்த சேற்றைச் சுரண்டிப் போட்டார்.

"பாக்கின்னு போடுய்யா."

போட்டிருக்கிறேன். மண்புழு வரைக்கும் கணக்கு நேராகிவிட்டது.