மாமா, வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்

புதன்கிழமை, மதிய இடைவேளை

அன்பும் மதிப்பும் மிக்க மாமாவுக்கு,

அக்கா மகள் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தை உங்களிடமே கேட்டிருப்பேன். என் எண்ணை பிளாக் செய்துவிட்டீர்கள் என்பதால் அத்தையிடம் கேட்டுக்கொண்டேன். முட்டிவலி குறைந்திருக்கிறதாம். சந்தோஷம்.

காகிதத்தில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. போனில் வரும் எதையும் நம்புவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். நல்ல முடிவு. மூன்று வருடமாக எங்கள் வங்கியே அதை ஊருக்கெல்லாம் குறுஞ்செய்தியில் சொல்லிவருகிறது. அதை எங்களிடமிருந்து தொடங்கிவிட்டீர்கள், அவ்வளவுதான் சிக்கல்.

விஷயம் இது. உங்கள் ஓய்வுப் பணம் முழுவதும் நேற்று மாலை நாலு மணிக்கு உங்கள் கணக்கிலிருந்து முன்பின் தெரியாத ஒரு கணக்குக்குக் கிளம்பியது. வாசலில் பிடித்து நிறுத்திவைத்திருக்கிறோம். அனுப்பியது நீங்களேதான் என்பதால் மூன்று வேலைநாளுக்கு மேல் நிறுத்த எங்களுக்கு உரிமை இல்லை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் நீங்கள் நேரில் வந்து, வேண்டாம் என்று கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் போய்விடும். போனால் வராது. இதைச் சொல்லத்தான் கடிதம். மீதி புலம்பல். படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நம் வீட்டில் யாருக்கும் தெரியாது. 'பேங்க்ல இருக்கா' என்பார்கள், ஏதோ நான் லாக்கருக்குள் இருப்பதுபோல. கிளைக்கு மேல்மாடியில் ஓர் அறை. பதினோரு மேசை. திறக்காத ஜன்னல். யார் கணக்கிலாவது வழக்கமில்லாதது நடந்தால் திரையில் சிவப்பாக ஒரு வரி வரும். அவரை அழைத்து, இது நீங்கள் செய்ததுதானா என்று கேட்க வேண்டும். பத்தில் ஏழு பேர் எங்களையே திருடன் என்பார்கள். மீதி மூன்று பேர் கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள், ரகசிய எண் உட்பட. ஒரு நாளைக்கு எண்பது அழைப்பு. என்னைப் பெற்றவர்களைப் பற்றி உலகம் இவ்வளவு அக்கறையாக விசாரித்ததே இல்லை.

நேற்று அந்தச் சிவப்பு வரியில் உங்கள் பெயர்.

சொந்தக்காரர் கணக்கு வந்தால் வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். விதி. கொடுத்தேன். பக்கத்து மேசைக்காரி அழைத்தாள், பதினெட்டு விநாடி பேசினாள், ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். "உங்க மாமா நல்லாத்தான் திட்டுறாரு, வார்த்தைக்கு வார்த்தை இலக்கணம் தப்பாம," என்றாள். அதன்பிறகுதான் விதியை மீறி நானே அழைத்தேன். இந்த அழைப்பு பதிவாகிறது என்ற அறிவிப்பு முடிந்ததும் நாம் பேசியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

"வணக்கம் ஐயா. உங்க வங்கியிலிருந்து பேசுறோம்."

"என் வங்கியா? என்ன ஆதாரம்?"

"முதல்ல உங்க பிறந்த தேதியைச் சொன்னீங்கன்னா..."

"போன் பண்ணினது நீ. தேதி நான் சொல்லணுமா?"

"மாமா, நான்தான். வக்கீல்."

சின்ன வயதில் நீங்கள் எனக்கு வைத்த பெயர். பதிவாகும் அழைப்பில், பதினோரு பேர் காதுபட, அதைச் சொன்னேன். நீங்கள் சொன்னீர்கள்: "குரலையெல்லாம் அப்படியே எடுத்துப் பேசுவீங்கன்னு எனக்குப் போன் பண்ற வங்கி அதிகாரி சொன்னார். சும்மா சொல்லக் கூடாது, நல்லாத்தான் பண்றீங்க. ஆனா ஒண்ணு, என் அக்கா மக எங்கிட்ட இவ்வளவு மரியாதையா பேச மாட்டா."

வைத்துவிட்டீர்கள்.

மாமா, நீங்கள் முப்பத்தோரு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். பொய்யை வாசனையிலேயே கண்டுபிடிப்பீர்கள். உங்கள் சூத்திரம் எங்கள் எல்லோருக்கும் பாடம்: கேட்கும் முன்னால் டிக்கெட்டை நீட்டுகிறவன் யோக்கியன், கேட்டபிறகு பையைத் துழாவுகிறவனைக் கவனி. உங்கள் 'அதிகாரி' கேட்கும் முன்னாலேயே எல்லாவற்றையும் நீட்டினார். பணியாளர் எண்ணை நீட்டினார். புகைப்பட அட்டையை அனுப்பினார். உங்கள் கணக்கின் கடைசி நாலு இலக்கத்தை அவரே சொன்னார். நான் ஒன்றையும் நீட்டவில்லை. நீட்டக் கூடாது என்பது எங்கள் விதி. எதிர்முனையில் இருப்பது நீங்கள்தான் என்று தெரியாமல் உங்கள் கணக்கைப் பற்றி உங்களிடமே வாய் திறக்கக் கூடாது. ஆக, உண்மையான வங்கி பையைத் துழாவிக்கொண்டே நிற்கும். டிக்கெட்டோடு வருகிறவன்தான் திருடன். போனில் வந்தது வங்கியின் எண்தானே என்று கேட்பீர்கள். திரையில் எந்த எண்ணை வேண்டுமானாலும் காட்ட வைக்கலாம். நாலு இலக்கம் எங்கோ நீங்கள் தூக்கிப் போட்ட ரசீதில் இருக்கும். ரயிலில் உங்களிடம் யாரும் போலியாக அச்சடித்த டிக்கெட்டை நீட்டியதில்லையா? நீட்டியிருப்பார்கள். அவர்களைப் பிடித்திருக்க மாட்டீர்கள். அதனால் சூத்திரம் சரி என்று தோன்றியிருக்கிறது.

நேற்று ஆறு மணிக்கு நேரிலேயே வந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் கம்பிக் கதவைத் திறக்கவேயில்லை, நான் வெளியே செருப்போட நிக்கிறேன், நீங்க உள்ளே நாற்காலியைக் கதவுக்கு நேரா போட்டுக்கிட்டு, சட்டைப் பையில போன், அதுல அந்த ஆளு சொன்னான்னு இறக்கின ஏதோ ஒரு செயலி, அது வழியா நாம பேசுறதை அவன் கேட்டுக்கிட்டே இருக்கானோ என்னவோ, எதிர்வீட்டம்மா துணி எடுக்கிற சாக்குல மாடியில நிக்கிறாங்க, ஒரே துணியை மூணு தடவை மடிச்சாங்க, நான் அடையாள அட்டையைக் காட்டினா, "அட்டை எதுக்கு? ஆளு நீதான்னு தெரியுது. அதுதான் பிரச்சினை"ன்னு நீங்க சொல்றீங்க. எனக்கு ஒண்ணும் புரியல. அத்தைதான் உள்ளேயிருந்து சொன்னாங்க: உங்க கணக்குல கை வைக்கிறது வங்கிக்குள்ள இருக்கிற ஆளாம். அதனாலதான் பணத்தை ஒரு 'பத்திரமான கணக்கு'க்கு மாத்தச் சொன்னாராம், யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாதாம். உங்க உறவுல யாராவது வங்கியில வேலை பாக்குறாங்களான்னு அவர் கேட்டாராம். நீங்க யோசிச்சுப் பாத்து, அக்கா மக இருக்கான்னு சொன்னீங்களாம். அதுக்கு அவர், "நான் எதுவும் சொல்ல விரும்பல சார், நீங்களே புரிஞ்சுக்குங்க"ன்னாராம்.

மாமா, அவனுக்கு என்னைத் தெரியாது. என்னை அவனிடம் கொடுத்ததே நீங்கள். மீதியை நீங்களே நிரப்பிக்கொண்டீர்கள்.

கோபத்தில் ஏதோ கத்திவிட்டேன். எதிர்வீட்டம்மா நாலாவது தடவை மடித்தாள்.

அத்தையைக் கேட்டேன், நீங்களாவது சொல்லக் கூடாதா என்று. "அந்த அதிகாரி தினமும் காலையில போன் பண்ணி, மாத்திரை போட்டீங்களா சார்னு கேக்குறார். ஒம்போது நாளா. நீ கடைசியா எப்பக் கேட்ட?" என்றார்கள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

பேருந்தில் வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு எண்பது பேரிடம் நலமா என்று கேட்கிறேன். எண்பதும் திரையில் வந்த பெயர்கள். நீங்கள் திரையில் வந்தபிறகுதான் உங்களுக்கும் போன் செய்தேன். அவனாவது அதற்கு முன்னால் செய்தான்.

சரி. அது தனிக் கணக்கு. அதற்கு என்னை எப்போது வேண்டுமானாலும் நிற்கவைத்துக் கேளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. என்னை நம்ப வேண்டாம். இதை நிஜமாகவே சொல்கிறேன், யாரும் நம்பாதது எனக்குப் பழக்கம்தான். உங்கள் பண அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஓர் எண் அச்சாகியிருக்கும். பூதக்கண்ணாடி மேசை இழுப்பறையில் இருக்கிறது. உங்கள் போனைத் தொடாமல், எதிர்வீட்டில் போன் வாங்கி அந்த எண்ணை அழையுங்கள். பணத்தைப் பத்திரமான கணக்குக்கு மாற்றச் சொல்வீர்களா என்று கேளுங்கள். எந்த வங்கியும் சொல்லாது. சொல்கிறவன் வங்கி இல்லை. அவசரம் என்பவன், யாரிடமும் சொல்லாதே என்பவன், சொந்தக்காரனைச் சந்தேகப்படு என்பவன், மூவரும் ஒரே ஆள். அந்தச் செயலியை நீக்குங்கள். பிறகு, வெள்ளி நாலு மணிக்குள் கிளைக்கு வாருங்கள். நான் மாடியிலேயே இருந்துகொள்கிறேன். என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

இடைவேளை முடிகிறது. நாளை மாலை அம்மா இதைக் கொண்டுவந்து கொடுப்பாள். தம்பி வீட்டுக்குப் போக அவளுக்கு ஒரு சாக்கு.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசி எப்போதும்போல வேண்டும். இப்போது கொடுக்க மனமில்லையென்றால் மூன்று வேலைநாள் நிறுத்திவைத்துப் பிறகு கொடுங்கள்.

இப்படிக்கு,
மரியாதையில்லாத
அக்கா மகள்

பி.கு. (வியாழன், மதியம்): மேலே எழுதியது எதுவும் தேவையில்லாமல் போய்விட்டது. இன்று காலை பத்து மணிக்கு நீங்கள் கிளைக்கு வந்தீர்கள். என்மேல் புகார் கொடுக்க. கிளைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள் என்று அதிகாரி தினமும் சொல்லியிருந்தாராம். வாசலில் நான் கத்திய கத்தலில் அவர் பேச்சும் எடுபடவில்லை.

மூன்றாம் கவுண்டர் அக்கா பிறகு மாடிக்கு வந்து சொன்னார்கள். வங்கி ஊழியர் மேல் புகார் என்றால் வேறு படிவம். அதில் கையெழுத்துப் போட்டால் நிலுவையில் இருப்பதெல்லாம் ரத்தாகி, விசாரணை முடியும்வரை கணக்கு பூட்டப்படும். முப்பது நாளைக்கு யாராலும் எடுக்க முடியாது என்று உங்களிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்களாம்.

"என் அக்கா மகளாலயுமா?"

"அவங்களாலயும் முடியாது சார்."

"உங்க மேனேஜர்?"

"அவராலயும் முடியாது. உங்களாலகூட முடியாது."

"இதைவிடப் பத்திரமா வேற எங்கம்மா இருக்கு? இதை விட்டுட்டு நான் எதுக்கு இன்னொரு கணக்குக்கு மாத்தணும்?" என்று பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டீர்களாம்.

பணம் தப்பித்தது. சொந்தக்காரரை நானே அழைத்தது, வீடுவரை போய்க் கத்தியது, இரண்டுக்கும் திங்கட்கிழமை எனக்கு விசாரணை. அதுவரை புகார்தாரரை நேரிலோ, போனிலோ, எழுத்திலோ நான் தொடர்புகொள்ளக் கூடாது. ஆகவே இந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேரவில்லை. என் பையிலிருந்து அம்மா அவளாக எடுத்துக்கொண்டுவந்தால் அது உங்கள் அக்காவுக்கும் உங்களுக்கும் இடையிலான விவகாரம்.

என் கையெழுத்துக்காக மேனேஜர் படிவத்தை என்னிடம் காட்டினார். உங்கள் கையெழுத்து இன்னும் முத்துமுத்தாக இருக்கிறது. குற்றம் சாட்டப்படுபவரை எத்தனை காலமாகத் தெரியும்: பிறந்ததிலிருந்து. கடைசிக் கட்டத்தில், வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால், என்ற இடத்தில் எழுதியிருந்தீர்கள்: வேலையை விட்டு எடுத்துவிட வேண்டாம். கண்டித்தால் போதும்.