கருத்துப் பெட்டியை எடுத்துவிடக் கோரி

என் மனைவியின் ஒரே தம்பியும், என் கட்டுரைகளுக்கு இணையதளம் கட்டிக் கொடுத்தவருமான மைத்துனருக்கு,

நலம். உங்கள் நலத்தை உங்கள் அக்கா தினமும் தொலைபேசியில் விசாரிக்கிறாள். நான் எழுதிக்கொண்டிருப்பேன், பாதிதான் காதில் விழும். ஆகவே தனியே கேட்கவில்லை.

“ஃப்ரேம்வொர்க்னு ரெடிமேட் நிரல், அதுலயே எல்லாம் இருக்கு அத்தான், வாசகர் கருத்துப் பெட்டி பத்து நிமிஷ வேலை” என்றீர்கள். ஆறு வாரம் ஆனது. அதை நான் மறக்கவில்லை. உங்கள் கல்யாணத்தில் என்னைக் கடைசி வரிசையில் உட்காரவைத்ததையும்தான். பெட்டி வந்த முதல் நாளே கூத்து. எந்தக் கருத்து எந்தக் கட்டுரைக்கு என்று நிரலில் சொல்ல மறந்துவிட்டீர்கள். ஒன்றுக்கு எழுதியது எல்லாவற்றின் கீழும் வந்து நின்றது. எங்கள் கல்லூரி முதல்வருக்கு நான் எழுதிய இரங்கலின் அடியில், “சிரித்து வயிறு வலிக்கிறது, இதுபோல் அடிக்கடி எழுதுங்கள்” என்று ஒருவர். முதல்வரின் மகன் கூப்பிட்டு, “சார், உங்களுக்கும் அப்பாவுக்கும் ஆகாதுன்னு தெரியும். அதுக்காக ஆள் வெச்சா சிரிப்பீங்க?” என்றார். ஆகாது என்பது உண்மைதான். அதற்காக?

பிறகு சரிசெய்தீர்கள். கூடவே, நான் பார்த்து அனுமதித்தால்தான் கருத்து வெளிவரும் என்று ஒரு வசதி. இருபத்திரண்டு வருடம் விடைத்தாள் திருத்தியவன் கையில் இதைக் கொடுக்கலாமா? கை சும்மா இருக்குமா? பிழை திருத்தி, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு வெளியிட்டேன். வாசகர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிஞ்சியது ‘தினசரி வாசகர்’ என்ற ஒரே பெயர். நேற்று அது எழுதியது: “ஊரில் எல்லோர் மேலும் கோபப்படுகிறீர்கள். வீட்டில் இருப்பவர்களிடம் கோபப்படவாவது இரண்டு வார்த்தை பேசக் கூடாதா?” பொருளுக்குப் புறம்பானது என்று இரண்டு மதிப்பெண் போட்டேன். இது எங்கள் துறைத்தலைவரின் வேலைதான், சந்தேகமே இல்லை. எனக்கு வரவேண்டிய பதவியில் உட்கார்ந்தது போதாதென்று இங்கும் வந்துவிட்டார். பெட்டியை இன்றே பிடுங்கிப் போடுங்கள்.

உங்கள் வீட்டில் அனைவருக்கும் என் ஆசிகள். கடைசி வரிசையிலிருந்து சொன்னவை அன்று காதில் விழுந்தனவா என்று தெரியாததால், மீண்டும் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் கணவன்

பி.கு.: இதை எழுதி முடிக்கும்போது உங்கள் அக்கா டீயை மேஜையில் வைத்து, “நேத்து எனக்கு ரெண்டு மார்க்குதானா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். பெட்டி இருக்கட்டும். போட்ட மதிப்பெண்ணை மாற்ற ஒரு பொத்தான் மட்டும் வையுங்கள். இந்தத் தடவை நிஜமாகவே பத்து நிமிடத்தில் வேண்டும்; டீ ஆறிக்கொண்டிருக்கிறது.