டேஞ்சர் சாரும் ஈ.சி.ஜி. மெஷினும்

பயப்படுவதற்கென்று ஒரு பல்கலைக்கழகம் இருந்திருந்தால் டேஞ்சர் சார்தான் அதற்குத் துணைவேந்தர். ஸ்ரீரங்கத்திலிருந்து துவாக்குடி வரை வீடு வீடாகத் தேடினாலும் அப்படி ஒரு பயந்தாங்கொள்ளி கிடைக்கமாட்டார். நாம் பயப்பட மறந்துவிட்ட சமாசாரங்களுக்கெல்லாம் நம் பங்கையும் சேர்த்து அவரே பயந்துவிடுவார்.

எண்பதுகளின் நடுவில் மன்னார்புரத்தில் ஒரு கம்பெனி ஆபீஸில் வேலை பார்த்தோம். அவர் கணக்குப் பிரிவில் சீனியர். நான் புதிதாகச் சேர்ந்து, பெர்மனென்ட் ஆர்டருக்காகக் காத்துக்கிடந்தவன். சீலிங் ஃபேன் கழன்று தலையில் விழும் என்று அவர் தன் மேஜையை ஃபேன் இல்லாத மூலைக்கு நகர்த்திக்கொண்டு, திருச்சியின் சித்திரை வெயிலில் தொப்பலாக நனைந்தபடி கணக்கு எழுதுவார். மழை நாளில் டெலிபோன் அடித்தால் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டுதான் ரிசீவரைத் தொடுவார். கேன்டீனில் பெரிய பிரஷர் குக்கர் வாங்கிய புதிதில், விசில் வந்த போதெல்லாம் "டேஞ்சர்! மாதாவே!" என்று வாசலுக்கு ஓடினார். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் மேனேஜர் ஒரு நோட்டீஸ் ஒட்டினார். மெட்ராஸிலிருந்து ஒரு வேன் வரப்போகிறது, அதில் கம்ப்யூட்டர் வைத்த ஈ.சி.ஜி. மெஷின் இருக்கிறது, டாக்டரே வேண்டாம், கை காலில் ஒயரை மாட்டினால் நெஞ்சில் என்ன கோளாறு என்று அதுவே அச்சடித்துக் கொடுத்துவிடும், எல்லோரும் படுத்தே ஆகவேண்டும் என்று விவரம்.

எங்கள் மனமகிழ் மன்றம் இதை விடுமா? 'வியாதியைச் சொல்லவேண்டியது மனிதனா, மெஷினா?' என்று பட்டிமன்றம் வைத்தார்கள். போண்டாவும் காபியும் இலவசம் என்பதால் ஹால் நிரம்பி வழிந்தது. மெஷினுக்காக நான் பேசினேன். "டாக்டருக்குத் தூக்கம் வரும், வீட்ல சண்டை வரும். மெஷினுக்கு மாமியார் உண்டா?" என்றேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

மறுத்துப் பேச டேஞ்சர் சாரைத் தவிர ஆள் கிடைக்கவில்லை. ஷாக் அடிக்கும் என்று மைக்கை விட்டுத் தள்ளியே நின்றார்.

"அந்தக் காகிதம் முதல்ல யார் கைக்குங்க வரும்? எனக்கா, ஆபீஸுக்கா?"

"ஆபீஸுக்குத்தான்" என்றார் முன்வரிசையிலிருந்த மேனேஜர்.

"டேஞ்சர்!" என்றார் டேஞ்சர் சார். ஹாலே சிரித்தது. "சிரிக்காதீங்க. என் நெஞ்சுல இருக்கறது எனக்கு முன்னாடி ஹெட் ஆபீஸுக்குத் தெரியணுமா? நடுவுல ஒரு டாக்டர் பார்க்க வேணாமா? மெஷின் தப்பா சொல்லிட்டா யார் சட்டையைங்க பிடிக்கறது?"

தீர்ப்பு எனக்கு. பரிசு ஒரு எவர்சில்வர் டம்ளர்.

வேன் வந்த அன்று முதல் ஆளாக நான்தான் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தேன். மெஷின் கடகடவென்று காகிதத்தைத் துப்பியது. வேனோடு வந்திருந்த, டை கட்டிய ஆள் அதைப் படித்தார். அதற்குப் பிறகு என்னை நேராகப் பார்க்கவில்லை. எனக்கு ஏற்கெனவே மாரடைப்பு வந்து போயிருக்கலாம் என்று மெஷின் அச்சடித்திருந்தது.

எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. உறையூரில் வாடகை வீடு, வீட்டில் பிள்ளைத்தாச்சி மனைவி. என் இதயம் துடிப்பது எனக்கே கேட்டது. ஒவ்வொரு துடிப்புக்கும் அடுத்தது வருமா என்று காத்திருந்தேன். சிரித்தவர்களெல்லாம் இப்போது என் பக்கத்தில் மெல்ல நடந்தார்கள். அது இன்னும் பயமாக இருந்தது.

"சாயங்காலத் தபால்ல ஹெட் ஆபீஸுக்குப் போயிடும்பா. ஃபிட் இல்லைன்னா ஆர்டர் வராது. என் கையில ஒண்ணும் இல்ல" என்றார் மேனேஜர்.

டேஞ்சர் சார் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னைவிட அவர் முகம்தான் வெளுத்திருந்தது. திடீரென்று சட்டையை அவிழ்த்தார். கழுத்திலிருந்த சிலுவையை முத்தமிட்டுவிட்டு மெஷினுக்குப் பக்கத்தில் போய்ப் படுத்தார்.

"எனக்கு மாட்டுங்க."

மாட்டினார்கள். மனிதர் உதறிய உதறலில் கட்டில் கிறீச்சிட்டது.

"ஆடாதீங்க சார்!" என்றார் டை.

"நான் எங்கங்க ஆடறேன்? பயம் ஆட்டுது!"

மெஷின் அவருக்கு ஒரு வியாதியை அச்சடித்தது. இன்னொரு தரம் எடுக்கச் சொன்னார். வேறொரு வியாதி வந்தது. இரண்டையும் மேனேஜர் முன்னால் நீட்டினார்.

"படுத்து எந்திரிக்கறதுக்குள்ள எனக்கு ரெண்டு வியாதி சார். இன்னும் கொஞ்சம் படுத்தா ஆளே மாறிடுவேன். இதை நம்பியா ஒரு பையனோட சோத்துல மண்ணைப் போடுவீங்க? ஒரு டாக்டர் பார்க்கட்டும் சார். அதுவரைக்கும் தபால் போகவேணாம்."

மேனேஜருக்கு அவர் பேசியதைவிட, அவர் பேசிவிட்டாரே என்பதுதான் அதிர்ச்சி. "சரிங்க, சரிங்க. நாளைக்கு சர்ட்டிஃபிகேட் கொண்டாரச் சொல்லுங்க" என்றார்.

தில்லைநகரில் ஒரு இதய டாக்டரிடம் அவரே என்னை அழைத்துப்போனார். அங்கேயும் ஒரு ஈ.சி.ஜி. மெஷின் இருந்தது. அதைப் பார்த்ததும் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். "பயப்படாதீங்க தம்பி" என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மெஷின் ஓடத் தொடங்கியது.

"யாருங்க அது? கையை விடுங்க, கோடு ஆடுது!" என்று டாக்டர் அதட்டினார்.

"விட்டா பயந்துக்குவார் டாக்டர்."

"பயப்படறது அவரா, நீங்களா?"

"ரெண்டு பேரும்தாங்க" என்றவர், மனசில்லாமல் கையை விட்டார்.

வேனில் எடுத்த என் காகிதத்தையும் தான் எடுத்ததையும் டாக்டர் ஒத்துப்பார்த்தார். பிறகு சிரித்தார். "மெஷின் நல்ல மெஷின்தாங்க. மாட்டின ஆள்தான் ரெண்டு கை ஒயரையும் இடம் மாத்திட்டார். உங்களுக்கு ஒண்ணும் இல்ல, போய்ட்டு வாங்க." வெளியே வந்ததும் டேஞ்சர் சார் படிக்கட்டில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். நான்தான் தேற்றவேண்டியிருந்தது.

எனக்கு ஆர்டர் வந்தது, மகள் பிறந்தாள். டேஞ்சர் சார் காலமாகி வருஷங்கள் ஆகிவிட்டன. டாக்டர் எடுத்த அந்தக் காகிதம், மங்கிப்போய், இன்னும் என்னிடம் இருக்கிறது. தொடக்கத்தில் கோடு தாறுமாறாக ஆடும், அப்புறம் சீராக ஓடும். சீராக ஓடுவது என் இதயம். அந்த ஆட்டம் அவருடையது. நான் விரலால் தடவிப் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.