முதல் பக்க வைத்தியர்

கொழும்பில் காகத்துக்கும் சோதனைச் சாவடிக்கும் அடுத்தபடியாக எங்கு பார்த்தாலும் தட்டுப்படுகிற ஓர் உயிரினம் உண்டு. அதன் பெயர் முதல் பக்க வைத்தியர். வெள்ளைக் கோட்டு கிடையாது, கழுத்தில் குழாய் கிடையாது, பெயருக்குப் பின்னால் எழுத்துகள் கிடையாது. கையில் ஒரு ஃபைல் மட்டும் இருக்கும். ஃபைலுக்குள் இன்ரர்நெற்றிலிருந்து பிறின்ற் எடுத்த தாள்கள். தாளுக்கு ஒரு வியாதி. எல்லாம் முதல் பக்கம்.

வெள்ளவத்தையில் வாழ்கிற வகை கொஞ்சம் வசதியானது. ரொறன்ரோவிலிருந்து மகன் ஈமெயிலில் அனுப்பும் மருத்துவக் குறிப்புகளைச் சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே வாசித்து, காலை எட்டு மணிக்குள் மாடிக் குடியிருப்பு முழுவதையும் வெறும் வயிற்றில் வெந்நீர் குடிக்க வைத்துவிடும். கொட்டாஞ்சேனை வகைக்கு வீட்டில் கொம்பியூட்டர் இல்லை. ஆகவே அது நெற் கஃபேக்கு நடக்கும். நடப்பதால் அதன் உடம்பு நல்ல சுகமாக இருக்கும். அந்தச் சுகத்துக்குக் காரணம் இன்ரர்நெற் என்று அது நினைக்கும்.

இதை அடையாளம் காண்பது சுலபம். கை குலுக்கினால் கையை விடாது. நகத்தைத் திருப்பிப் பார்க்கும். தும்மினால் "இது சும்மா தும்மல் இல்லை" என்னும். மரண வீட்டுக்குப் போனால் கண்ணை மூடிச் செபித்துவிட்டு, கண்ணைத் திறந்ததும் "என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்" என்று இறந்தவரைக் கடிந்துகொள்ளும். எங்கே படித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "நெற்றில கிடக்கு" என்று பதில் வரும். வேதாகமத்தில் கிடக்கிறது என்று சொல்லும்போதுகூட அந்தக் குரலில் அத்தனை உறுதி இருக்காது.

ஒஸ்வால்டை எடுத்துக்கொள்வோம். புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் முப்பத்தோரு வருடம் கிளாக்காக இருந்து, ஓய்வு பெற்று, ஜம்பட்டா வீதியிலிருந்து பிரிகிற ஓர் ஒழுங்கையில் மனைவி மெற்றில்டாவோடு இருப்பவர். நீதிமன்றப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. பிறின்ற் எடுத்த ஒவ்வொரு தாளிலும் மேல் மூலையில் "சான்று 14", "சான்று 15" என்று சிவப்புப் பேனையால் இலக்கமிட்டு, துளை போட்டு, நாடா கட்டி வைத்திருப்பார். நீரிழிவு சான்று 3. மூலம் சான்று 22. மெற்றில்டாவின் குறட்டை சான்று 40.

முதல் பக்கம் மட்டும் ஏன்? அதற்கும் அவரிடம் நியாயம் இருந்தது. "பிள்ளை, ரெண்டாம் பக்கத்துக்கு மேல போனா எல்லாத்திலயும் ஒரே கதைதான். 'வைத்தியரை நாடுங்கள், வைத்தியரை நாடுங்கள்.' அது டொக்டர்மார் குடுக்கிற விளம்பரம்" என்று நெற் கஃபேயில் இருக்கும் றமீலாவுக்குச் சொல்லுவார். றமீலாவும் வாதாடமாட்டாள். அவர் விட்டுவிட்டுப் போகும் பக்கங்களை அடுக்கி வைத்து, வெறுமையான பின்புறத்தில் எந்தக் கொம்பியூட்டரில் யார் எத்தனை மணிக்கு உட்கார்ந்தார் என்று எழுதுவாள். அதே கடைக்குக் கட்டுரை பிறின்ற் எடுக்க வரும் கம்பஸ் பிள்ளைகள் கிழவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்கள் முதல் பக்கத்தைக்கூட வாசிப்பதில்லை; தங்கள் பெயரைப் போட்டு அப்படியே கொடுத்துவிடுவார்கள். அவர்களுக்குப் பட்டம் கிடைத்தது. ஒஸ்வால்டுக்குக் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கேயோ குண்டு வெடித்தது என்று செய்தி வந்த ஒரு நாள், ஒழுங்கை முழுவதும் வேலைக்குப் போனவர்களைத் தேடி போனை அமத்திக்கொண்டிருக்க, லைன் ஒன்றும் கிடைக்காமல் இருக்க, ஒஸ்வால்ட் படபடப்புக்கு மூச்சை எப்படி இழுத்து விடுவது என்ற தாளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். அன்றைக்கு ஒருவரும் அவரைத் துரத்தவில்லை. கடைசி ஆள் வீடு திரும்பும்வரை எல்லாருமாகச் சேர்ந்து இழுத்து இழுத்து விட்டார்கள்.

இனி, பற்றிக்கின் கதை.

பற்றிக் ஒஸ்வால்டின் பக்கத்து வீடு. துறைமுகத்தில் கிரேனுக்குக் கீழே நின்று, மேலே இருக்கும் ஒப்பரேற்றருக்குக் கை காட்டுவது அவருடைய வேலை. ஏற்று, இறக்கு, நில். பதினொரு வருடமாகக் கீழே நின்று கை காட்டியவருக்கு மேலே போய் உட்காரும் சந்தர்ப்பம் அப்போதுதான் வந்தது. எழுத்துப் பரீட்சை முடிந்தது. மிச்சம் இருந்தது கண் சோதனை. வியாழக்கிழமை காலை பத்து மணி. தவறினால் அடுத்த முறை எப்போது என்று ஒருவருக்கும் தெரியாது. நாற்பது வயதைத் தாண்டினால் விண்ணப்பிக்கவும் முடியாது. பற்றிக்குக்கு முப்பத்தொன்பது வயதும் ஒன்பது மாதமும்.

சோதனைக்கு ஒரு மாதம் இருக்கையில் ஒஸ்வால்ட் அவரைத் தன் வீட்டு மேல்மாடி ஜன்னலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கிருந்து பார்த்தால், சந்தியில் புதிதாகத் திறந்த நகைக்கடையின் முகப்பில் ஒரு பெரிய மணிக்கூடு தெரியும். கோயில் மணி கேட்கும் ஊரில் நகைக்கடை மணிக்கூட்டை யார் பார்த்தார்கள்? ஒஸ்வால்ட் பார்க்கச் சொன்னார்.

"என்ன நேரம், மகன்?"

"நாலு இருபது, அங்கிள்."

ஒஸ்வால்ட் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தே முக்கால். முகம் இருண்டது. கீழே இறங்கி, நெற் கஃபேக்குப் போய், சான்று 61ஓடு திரும்பி வந்தார். கண்ணுக்குக் கரட்.

அன்றிலிருந்து பற்றிக்கின் மனைவி பிறிஜெற் கரட் துருவத் தொடங்கினாள். காலையில் கரட் சாறு, பகலில் கரட் கறி, பின்னேரம் பச்சைக் கரட், இரவில் இடியப்பத்தோடு கரட் சம்பல். மரக்கறிக்காரர் அவளைக் கண்டதும் கேட்காமலே கரட்டைத் தராசில் போட்டார். மூன்றாம் கிழமை அவள் ஒஸ்வால்டின் வாசலில் வந்து நின்றாள்.

"அங்கிள், இந்த மனுசன் வீட்டில முயல் மாதிரித் திரியிறார். கண் தெரியுதோ இல்லையோ, எனக்கு மணிக்கட்டு போயிட்டுது."

"மணிக்கட்டா? எங்க காட்டு" என்றார் ஒஸ்வால்ட். பிறிஜெற் திரும்பிப் பாராமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை துறைமுகத்தில் பற்றிக் கையைத் தூக்கி "நில்" என்று காட்டியபோது, மேலே இருந்த ஒப்பரேற்றர் கிரேனை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "அடேய் பற்றிக், எப்ப இருந்து மஞ்சள் கையுறை போடுறாய்?"

பற்றிக் கையுறை போட்டிருக்கவில்லை.

உள்ளங்கை இரண்டும் மஞ்சள். சப்பாத்தைக் கழற்றிப் பார்த்தால் உள்ளங்காலும் மஞ்சள். ஓடி வந்து ஒஸ்வால்டிடம் காட்டினார். ஒஸ்வால்ட் கையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார், மூக்குக்கு அருகே கொண்டுபோய் முகர்ந்தும் பார்த்தார். பிறகு ஃபைலைப் புரட்டி சான்று 9ஐ எடுத்தார். பக்கத்தின் பாதியை ஈரலும் பித்தக் குழாய்களும் உள்ள படம் நிரப்பியிருந்தது.

"செங்கமாரி" என்றார். மஞ்சள் காமாலை. "படுக்க வேணும். அசையக்கூடாது."

"அங்கிள், வியாழக்கிழமை சோதனை."

"சோதனை பெருசா, ஈரல் பெருசா?"

நீங்களே சொல்லுங்கள், இந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்லுவார்? ஈரல் பெரிது என்று ஒஸ்வால்டே சொல்லி, படத்தில் பற்றிக்கின் வருத்தம் இருக்கும் இடத்தைச் சிவப்புப் பேனையால் பெருக்கல் குறி போட்டும் காட்டினார். பற்றிக் படுத்தார். கீழ்காய்நெல்லி அரைத்தாயிற்று. உப்பு நிறுத்தியாயிற்று. கரட்டை மட்டும் நிறுத்தவில்லை. அது கண்ணுக்கு, இது ஈரலுக்கு. இரண்டும் வேறு வேறு சான்று.

வியாழன் காலை எட்டரைக்கு, செங்கமாரிக்காரர் என்ன சாப்பிடலாம் என்று பார்க்க ஒஸ்வால்ட் நெற் கஃபேக்குப் போனார். கொம்பியூட்டர் எல்லாவற்றிலும் ஆட்கள். றமீலா நேரம் எழுதுவதற்காக ஒரு தாளை எடுத்து மேசையில் போட்டாள். அதன் மறுபுறம் அவர் முன்னே விரிந்து கிடந்தது. சும்மா இருக்கத் தெரியாத கண் அதை வாசித்தது. கரட் என்று இருந்தது.

"இது எங்கால, பிள்ளை?"

"நீங்க போன மாசம் உட்டுட்டுப் போன பக்கம்தான், அங்கிள். ரெண்டாவது."

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். கிழமைக்கணக்கில் அளவுக்கு மிஞ்சிக் கரட் உண்டால் உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாகலாம். கண்ணின் வெள்ளை மாறாவிட்டால் பெரும்பாலும் அது செங்கமாரி அல்ல. ஆபத்தில்லை. கரட்டைக் குறைத்தால் தானாகப் போய்விடும். ஐயம் இருந்தால் வைத்தியரை நாடுங்கள்.

முப்பத்தோரு வருடம் சட்டத்தரணிக்குப் பின்னால் ஃபைல் தூக்கியவருக்கு, சான்றின் பாதியை மறைத்து வழக்குப் பேசினால் என்ன நடக்கும் என்று தெரியும். அவருடைய சொந்தக் காதே சிவந்தது. அதற்கு எந்த இலக்கத்தில் சான்று இருக்கிறது என்று அவர் தேடவில்லை. ஓடினார்.

பற்றிக் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஒஸ்வால்ட் அவருடைய கண் இமையை இரண்டு விரலால் பிரித்தார். பால் வெள்ளை.

"எழும்பு மகன். உனக்கு ஒண்டும் இல்ல."

"செங்கமாரி?"

"அது கரட்."

பிறிஜெற் கையிலிருந்த கரட் துருவியைக் கீழே வைத்தாள். அவள் ஒஸ்வால்டைப் பார்த்த பார்வையை இங்கே எழுதாமல் விடுகிறோம்.

ஒன்பதரைக்கு, இருவரும் ஏறிய திறீவீல் ஆட்டோ கொச்சிக்கடைப் பக்கம் திரும்பும்போது சாவடியில் மறித்தார்கள். அடையாள அட்டைகளைப் பார்த்த பிறகு, இளம் ஆமிக்காரர் ஒருவர் ஒஸ்வால்டின் ஃபைலைக் கேட்டு வாங்கினார். அவசரத்திலும் அதைத் தூக்கி வந்திருந்தார், பாருங்கள். திறந்ததும் சான்று 9. கிளை கிளையாகப் பிரியும் குழாய்கள், அம்புக்குறிகள், ஆங்கில எழுத்து, நடுவில் சிவப்புப் பேனையால் பெருக்கல் குறி.

"மே மொகக்த? சித்தியமக்த?" இது என்ன, வரைபடமா என்று சிங்களத்தில் கேட்டார்.

"நே மாத்தயா. அக்மாவ" என்றார் ஒஸ்வால்ட். இல்லை ஐயா, ஈரல்.

"காகே அக்மாவத?" யாருடைய ஈரல்?

ஒஸ்வால்ட் பற்றிக்கைச் சுட்டிக் காட்டினார். ஆமிக்காரர் படத்தைப் பார்த்தார், பற்றிக்கின் வயிற்றைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பெருக்கல் குறி ஏன் என்றார். வருத்தம் இருக்கிற இடம் என்றார் ஒஸ்வால்ட். அப்படியானால் நோயாளியை எங்கே கொண்டு போகிறீர்கள் என்றார். நோயாளி இல்லை, வருத்தம் ஒன்றும் இல்லை, கண் சோதனைக்குப் போகிறோம் என்றார் ஒஸ்வால்ட். ஈரலுக்குப் பெருக்கல் குறி போட்டுவிட்டு, வருத்தம் இல்லை என்று சொல்லிக்கொண்டு, மஞ்சள் கையோடு ஒரு மனிதரைக் கண் சோதனைக்கு ஏற்றிப் போவதை எந்தப் பாஷையில் விளங்கப்படுத்துவது? ஒன்பதே முக்கால் ஆயிற்று. பற்றிக்கின் நெற்றியில் வியர்வை. ஆமிக்காரர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். சிறுநீரகம். இதயம். மூலத்தின் படத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

பிறகு ஃபைலை மூடி, அங்குமிங்கும் பார்த்துவிட்டு, திறீவீலுக்குள் தலையை நுழைத்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: "மகே படே தெவில்லக் தியெனவா."

அவருக்கு வயிற்றில் எரிவாம்.

வாசகரே, ஒஸ்வால்டின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வயிற்றெரிவு என்றால் சான்று 17. காரணங்கள் பன்னிரண்டு. விளக்கத் தொடங்கினால் அரை மணி நேரம் போதாது. சீருடை போட்ட ஒரு நோயாளி, தானாகக் கேட்கிற நோயாளி, அவருடைய வாழ்நாளில் முதல் முறை. கை தானாகவே ஃபைலை நோக்கிப் போயிற்று. பற்றிக் தம் மஞ்சள் உள்ளங்கையை மெல்ல உயர்த்தி, கிரேனுக்குக் காட்டுவது போல அவருக்கு முன்னால் பிடித்தார். நில்.

கை நின்றது. ஒஸ்வால்ட் தம் வாயால் ஒருநாளும் சொல்லமாட்டேன் என்றிருந்த அந்த இரண்டாம் பக்க விளம்பரத்தைச் சொன்னார்:

"டொக்டர் கெனெக்ட பென்னன்ன, மல்லி." டொக்டரிடம் காட்டுங்கள், தம்பி.

"எச்சரத?" அவ்வளவுதானா என்று ஆமிக்காரர் ஏமாந்துபோய்க் கேட்டார். அவ்வளவுதான். ஃபைலைத் திருப்பிக் கொடுத்து, போகச் சொல்லிக் கை காட்டினார்.

பத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது பற்றிக் உள்ளே போனார். டொக்டர் அவருடைய கையைப் பார்த்துவிட்டு ஒரு சொல்தான் கேட்டாராம்: "கரட்டா?" பிறகு எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னார். பற்றிக் பெரிய எழுத்திலிருந்து கடைசி வரிவரை வாசித்து, அதற்குக் கீழே மூலையில் பொடியாக இருந்த அச்சகத்தின் பெயரையும் வாசித்துவிட்டார். பாஸ்.

திரும்பி வரும்போது வெயில் உச்சியில். சந்தியில் திறீவீல் நின்றபோது பற்றிக் நிமிர்ந்து பார்த்தார்.

"அங்கிள், அந்த நகைக்கடை மணிக்கூட்டில இப்ப என்ன நேரம்?"

ஒஸ்வால்ட் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி பார்த்தார்.

"நாலு இருபது" என்றார்.

ஓடாத மணிக்கூட்டுக்கு முதுகைக் காட்டி ஒஸ்வால்ட் வீடு வந்து சேர்ந்தார். ஆனால் பின்னேரம் ஒழுங்கைக்குள் ஒஸ்வால்டின் குரல் கேட்டது: "ஒரு மாசம் கரட் குடுத்தனான். அச்சகத்தின்ர பேரையே வாசிச்சிருக்கிறான்." அடுத்த நாள் மூன்று வீடுகளில் கரட் துருவினார்கள்.

ஆகவே இந்த இனத்தைக் கண்டால் பயப்படாதீர்கள். தும்மாமல் கடந்து போய்விடுங்கள். ஆனால் அதைத் தேடி எப்போதும் வெளியே போகத் தேவையில்லை. மேலே மஞ்சள் உள்ளங்கை என்று வாசித்தபோது, ஒரு நொடி, உங்கள் கையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்களா?

பார்த்தீர்கள். சரி, நாக்கை நீட்டுங்கள்.