ஏணியில் தொங்கிய மாமனார்

"என்னங்க, சித்தி போன்ல அழறாங்க. அப்பாவை எந்த ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம்னு கேக்கறாங்க!"

மனைவி கத்தியது எழுத்தாளரின் காதில் விழவில்லை. கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயெல்லாம் பல்.

எழுத்தாளர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பிழைப்புக்கு டைல்ஸ் கடையில் விற்பனையாளர். இணையத்தில் எழுதத் தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. இதுவரை அவருடைய பக்கம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. லைக் போட்ட ஒரே ஆள் மனைவி; அதுவும் படிக்காமல். போதாக்குறைக்கு, "இதையெல்லாம் எவன் படிப்பான் மாப்பிள்ளை?" என்று கூடவே இருக்கும் மாமனார் ஒருநாள் கேட்டுவிட்டார். எந்தப் பத்திரிகையையும் பாதியில் தூக்கிப் போடுகிற மனிதர் அவர். அவர் வாயால் ஒரு 'நல்லா இருக்கு' வாங்கிவிட வேண்டும் என்று எழுத்தாளர் துடித்தார்.

அதற்காகவே ஓர் இணைய வகுப்பில் சேர்ந்தார். முதல் பாடம், 'உச்சக்கட்டத்தில் நிறுத்து.' எழுத்தாளருக்கு மட்டும் வார விடுமுறையான அன்று காலை, மாமனார் திரைச்சீலைக் கம்பி மாட்ட ஏணியில் ஏறினார், வழுக்கினார், கீழே கிடந்த சோபாவில் பத்திரமாக வந்து உட்கார்ந்தார், காபி கேட்டார். எழுத்தாளருக்கு விஷயம் கிடைத்துவிட்டது. ஆடுகிற ஏணி, வியர்க்கிற உள்ளங்கை, கழன்று வருகிற ஆணி என்று வரிக்கு வரி ஏற்றிக்கொண்டே போய், 'மாமனாரின் கை நழுவியது' என்று முடித்துவிட்டார். சோபா வரவேயில்லை.

"எத்தனை பேர் 'அப்புறம்?'னு கேட்டிருக்காங்க பாரேன்!"

"சித்தியும் அதைத்தான் அழுதுகிட்டே கேக்கறாங்க. அப்பா நல்லா இருக்கார்னு உடனே போடுங்க."

போட்டிருக்கலாம். இரண்டாம் பாடம் குறுக்கே வந்தது: 'நேரடியாகச் சொல்லாதே, காட்டு.' எழுத்தாளர் படுக்கையறையை எட்டிப் பார்த்தார். சாப்பிட்ட களைப்பில் மாமனார் தூங்கிக்கொண்டிருந்தார். கண்டதை அப்படியே எழுதினார்: 'மாமனார் அமைதியாகப் படுத்திருக்கிறார். முகத்தில் வலியின் சுவடே இல்லை. மின்விசிறி மட்டும் சுழல்கிறது. நாங்கள் யாரும் பேசவில்லை.'

ஆகா, என்ன நடை! அவருக்கே புல்லரித்தது.

'ஆழ்ந்த இரங்கல்' என்றது முதல் பின்னூட்டம். அடுத்ததும் அதுவே. கடை மேனேஜர் போனே செய்துவிட்டார்.

"மனசைத் திடப்படுத்திக்குங்க. கடையைப் பூட்டிட்டு எல்லாரும் கிளம்பிட்டோம்."

"சார், அவர் தூங்கறார் சார்..."

"எங்கப்பா போனப்போ நானும் அப்படித்தான்யா சொல்லிக்கிட்டிருந்தேன்," என்று மேனேஜர் தேம்பினார்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு போட்டோ எடுத்துப் போட்டுத் தொலைங்க. பார்த்தா நம்புவாங்க இல்ல?"

நல்ல யோசனைதான். ஆனால் தூங்குகிற பெரியவரை எழுப்பவா முடியும்? கண் மூடி, கைகளை மார்பில் கோத்து, மல்லாந்து கிடந்த கோலத்திலேயே எடுத்துப் போட்டார்.

நம்பினார்கள். அதுவரை சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவர்களும் நம்பிவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் கார்கள் வந்து நின்றன. சித்தி அழுதபடி ஓடி வந்தார். பின்னாலேயே மேனேஜர் ஒரு மலர்வளையத்தோடு வந்தார். அது கதவில் நுழையாமல், சாய்த்துப் பிடித்து உள்ளே கொண்டுவந்தார்கள். இந்த அமளியில் மாமனார் விழித்துக்கொண்டு, கொட்டாவி விட்டபடி கூடத்துக்கு வந்தார்.

"என்ன கூட்டம்? யாருக்கு என்ன ஆச்சு?"

சித்தி அலறி மேனேஜர் மேல் சாய்ந்தார். மேனேஜர் மலர்வளையத்தை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். அது அவரைவிட அகலம்.

மனைவி எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள்.

"கொண்டாங்க அந்த போனை," என்றார் மாமனார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏணிக் கதையை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். அவர் முகம் சிவந்தது. நெற்றி வியர்த்தது. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கடைசி வரிக்கு வந்ததும் திரையை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"மாமா, மன்னிச்சிடுங்க. இனிமே ஒரு வரிகூட எழுத மாட்டேன்." முதன்முதலாக நாலு பேர் படித்த நாளே கடைசி நாளாகிவிட்டதே என்று எழுத்தாளருக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

"குடுங்கப்பா. அந்தப் பக்கத்தையே அழிச்சிடறேன்," என்று மனைவி கை நீட்டினாள்.

மாமனார் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"இரும்மா, கை நழுவிடுச்சுன்னு போட்டிருக்கு! மாப்பிள்ளை, சீக்கிரம் சொல்லுங்க... அப்புறம் எனக்கு என்ன ஆச்சு?"